மாமியாருக்கு ஒரு வேகமான வண்டி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின் நடுவே, "எனக்கு ஒரு கார் வாங்கணும் மாப்பிள்ளை. நல்லா வேகமா போற கார்," என்று மாமியார் சொன்னபோது அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சிரித்து முடித்த பிறகுதான் மேசையில் தான் ஒருவன் மட்டுமே சிரித்திருப்பது தெரிந்தது. மனைவி மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

மாமியார் கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. நேரே இருப்பது அவருக்குப் பளிச்சென்று தெரியும். இரண்டு ஓரங்களிலும்தான் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. போனது போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், பகலில் வண்டி ஓட்ட இன்னும் ஒரு வருடம் போல விடலாம், அதற்குப் பிறகு ஸ்டீயரிங் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மாமியார் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வக்கீல்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் அவர் கை பின்தங்கியதில்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவரோ, ரோட்டில் நடந்து போகிறவர்களிடம் நலம் விசாரித்துக்கொண்டே போகும் வேகத்தில் கார் ஓட்டுகிறவர். சாவியை மனைவி கையில் கொடுத்ததும் கிடையாது. அவர் போன பிறகு மாமியார் ஓட்டக் கற்றுக்கொண்டு அதே வண்டியை ஓட்டினார். பக்கத்தில் வருகிற லாரியெல்லாம் முந்திக்கொண்டு போகும். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். அந்த வண்டியும் போன வருடம் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

"ஓய்வூதியப் பணத்துல கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். புதுசு வாங்க அது பத்தாது. பழசுதான். ஆனா வேகமா போகணும், வழியில நிக்கவும் கூடாது. எனக்கு இருக்கறதே ஒரு வருஷம். அதுல ஒரு மாசம் ஷெட்டுல கிடந்துச்சுன்னா, அந்த மாசம் எனக்குத் திரும்பி வராது. நீங்கதான் பாத்து எடுத்துத் தரணும்."

"நானா அத்தை? எனக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாதுன்னு தெரியும். ஆனா உங்களுக்குப் பொறுமை இருக்கு."

பொறுமைக்கு ஊரே சாட்சி. அவன் மருந்துக்கடை வைத்திருக்கிறான். சீட்டை ஒரு தடவை வாசிப்பான், மறுபடி வாசிப்பான், மாத்திரையை எடுத்து வந்து சீட்டோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்ப்பான். கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயரே 'மறுபடி'தான். "மறுபடிகிட்ட வாங்கினா நேரம் ஆகும், ஆனா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது," என்பார்கள். அதை அவன் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வான்.

வேகமான கார்களைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவனுக்குத் தலை சுற்றியது. வங்கிக் காசாளர் சளி மருந்து வாங்க வந்தவர், "டர்போ வச்ச எஞ்சின் பக்கமே போகாதீங்க. வேகம் கூடும், ஆனா அது போச்சுன்னா செலவு கையைக் கடிக்கும்," என்றார். அண்ணனிடம் கேட்டால், "டர்போ இல்லாம வேகமா? அதுக்கு சைக்கிள் வாங்கு," என்று கேலி செய்தான். ஒரு மெக்கானிக் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். இன்னொரு மெக்கானிக், "தூரத்தை நம்பி ஏமாறாதீங்க, யார் ஓட்டினாங்கன்னு பாருங்க," என்றார். யார் ஓட்டினார்கள் என்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் அவனுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வேகமான வண்டி உழைக்காது, உழைக்கிற வண்டி வேகமாகப் போகாது, இரண்டும் சேர்ந்தது நம் பணத்துக்குக் கிடைக்காது. இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வண்டி ஒளிந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு அவன் ஆசுபத்திரிச் சீட்டுகளுக்கு நடுவே கார் வீடியோ பார்த்தான். "இந்த மாத்திரை எப்பப்ப போடணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை," என்று பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒருவழியாக மூன்று வண்டிகள் தேறின. வெள்ளை நிறத்தில் இரண்டு கதவு வண்டி ஒன்று, நீச்சல் பயிற்சியாளருடையது. சாம்பல் நிறத்தில் ஆறு சிலிண்டர் வண்டி ஒன்று, கல்யாணப் படம் எடுக்கும் புகைப்படக்காரருடையது. நீல நிறத்தில் குட்டி வண்டி ஒன்று, அழகு நிலையம் நடத்தும் ஓர் அம்மாளுடையது. பார்க்கச் சாது, அழுத்தினால் பறக்கும் என்று அதைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

மூன்றையும் பார்க்க மாமியாரும் மாப்பிள்ளையும் ஒன்றாகவே போனார்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளையின் வீட்டில் யாரும் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகமாட்டார்கள். சொந்த அண்ணன் வீடாக இருந்தாலும் கிளம்பும்போது ஒரு போன், பாதி வழியில் ஒரு போன், தெருமுனைக்கு வந்ததும் ஒரு போன். அவனுடைய அப்பா சொல்லிக் கொடுத்த மரியாதை அது. கார் விற்கிறவர்களுக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது.

"கிளம்பிட்டோம் சார். அரை மணி நேரத்துல வந்துடுவோம்."

போய்ப் பார்த்தால் ஒவ்வொரு வண்டியும் கழுவித் துடைத்து வாசலில் தயாராக நிற்கும். சாவியைத் திருப்பியதும் சத்தமே இல்லாமல் உயிர் வரும். புகை இல்லை, உதறல் இல்லை. மாமியார் ஓட்டிப் பார்ப்பார். முகமெல்லாம் பூரிக்கும். இறங்கும்போதே, "இதையே வாங்கிடலாமே மாப்பிள்ளை," என்பார்.

"அவசரப்படாதீங்க அத்தை. மத்ததையும் பாத்துடலாம்."

மற்றதும் அப்படியே இருந்தது. அதுதான் அவனுக்கு வம்பாகப் போயிற்று. ஏதாவது ஒன்றில் ஒரு குறை இருந்தால் அதைத் தள்ளிவிடலாம். மூன்றுமே குறையில்லாமல் இருந்தால் மனிதன் எதை வைத்து முடிவு செய்வது? மறுபடி போய்ப் பார்த்தான். டயரைக் குனிந்து பார்த்தான், எண்ணெயைத் தொட்டுப் பார்த்தான், தொட்டதில் என்ன தெரிய வேண்டும் என்று தெரியாமல் முகர்ந்தும் பார்த்தான். ஒரு வாரம் வெள்ளை என்பான், மறுவாரம் சாம்பல் என்பான். மனைவி, "எங்கம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட இவ்வளவு அலசியிருக்க மாட்டாங்க," என்று குத்திக் காட்டினாள். சொட்டு மருந்துப் புட்டிகள் தீர்ந்தன. அவன் கடையிலிருந்தே புதிதாக எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். கொடுக்கும்போதெல்லாம் நெஞ்சில் சுருக்கென்று இருக்கும். சுருக்கென்றதால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வான்.

நான்காவது முறையாகப் புகைப்படக்காரர் வீட்டுக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. மாமியார் சும்மா எஞ்சினின் முன்மூடி மேல் கையை வைத்துவிட்டு, "அடேங்கப்பா, சுடுது," என்றார்.

"நீங்க கிளம்பிட்டோம்னு போன் பண்ணீங்கல்ல? எப்பவும் போல ஒரு ரவுண்டு போய் சூடாக்கி வச்சிட்டேன்மா. ஆறின எஞ்சின் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் பாருங்க," என்று அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். பழைய எஞ்சினின் கோளாறு ஆறிக் கிடந்து முதலில் கிளப்பும்போதுதான் தெரியும் என்று எத்தனை வீடியோவில் பார்த்திருப்பான்! சூடானால் எல்லாம் மறைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் போன் போட்டு, அரை மணி நேரம் அவகாசம் கொடுத்து, கோளாறை மறைத்து வையுங்கள் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இத்தனை மாதம் பார்த்ததெல்லாம் பார்த்த கணக்கிலேயே வராது.

"அப்போ மறுபடி முதல்ல இருந்தா?" என்றார் மாமியார் திரும்பும் வழியில். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"இந்தத் தடவை சொல்லாம போவோம் அத்தை."

சொல்லாமல் போவது அவனுக்கு உயிரை வாங்கியது. விடிந்தும் விடியாததுமாகப் பிறத்தியார் வாசலில் நின்று மணியடிக்க, முகத்தில் அசடு வழிந்தது. நீச்சல் பயிற்சியாளர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, வெள்ளை வண்டி விற்று ரொம்ப நாளாயிற்று என்றார். புகைப்படக்காரரின் சாம்பல் வண்டியைக் கிளப்பினால், எஞ்சினுக்குள் யாரோ கரண்டியைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம். பின்னால் நீலப் புகை தெருவையே அடைத்தது.

"தப்பிச்சோம் அத்தை!" என்றான் அவன், குதிக்காத குறையாக.

அழகு நிலையத்து அம்மாள் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார். இவர்களைப் பார்த்ததும், "ஒரு போன் பண்ணியிருக்கலாமே," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவன் கூனிக் குறுகினான். நீல வண்டி பனியில் நனைந்து சில்லென்று கிடந்தது. மாப்பிள்ளை முன்மூடியில் இரண்டு கையையும் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். மாமியார் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. முனகல் இல்லை, புகை இல்லை. அவன் குனிந்து பின்குழாயில் கையை நீட்டிப் பார்த்தான், எஞ்சினில் காது வைத்துக் கேட்டான். ஒன்றுமே இல்லை. இதுதான். இத்தனை மாதமாகத் தேடிய வண்டி இதுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓட்டிப் பாத்துட்டு வாங்க," என்றார் அந்த அம்மாள்.

அதற்குள் வெயில் வந்துவிட்டிருந்தது. கிடங்குகளுக்கு நடுவே போகும் நீளமான ரோடு, ஆள் நடமாட்டமே இல்லை. மாமியார் அழுத்தினார். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. அவர் சிறுபிள்ளை போலக் கெக்கலித்துச் சிரித்தார். அவனும் சிரித்தான். அப்போது இடது பக்கம் ஒரு சந்துக்குள்ளிருந்து ஒருவர் சைக்கிளில் வருவது அவனுக்குத் தெரிந்தது. மாமியாரும் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடுவார் என்று ஒரு கணம் பேசாமல் இருந்தான். அவர் குறைக்கவில்லை.

"அத்தை! இடது பக்கம்!"

பிரேக் கிறீச்சிட்டது. வண்டி சொன்னபடி கேட்டு நின்றது. சைக்கிள்காரர் காரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழத் தூரத்தில் கால் ஊன்றி நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனார். மாமியார் வண்டியை ஓரங்கட்டினார். கைபிரேக்கைப் போட்டார். எஞ்சினையும் நிறுத்தினார்.

"நீங்க எப்ப பாத்தீங்க அவரை?"

"சந்துக்குள்ள வரும்போதே."

"நான் பாக்கவே இல்ல மாப்பிள்ளை. நீங்க கத்தின பிறகும் தேடித்தான் பாத்தேன்."

சிரிப்பில் பார்க்காமல் விட்டிருக்கலாம், வெயில் கண்ணில் அடித்திருக்கலாம், மருத்துவரிடம் மறுபடி ஒரு தடவை காட்டலாம் என்று என்னென்னவோ அவன் வாய் வரைக்கும் வந்தது. மாமியார் அதற்குள் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவன் பக்கக் கதவருகே நின்றார்.

"இறங்குங்க. நீங்க ஓட்டுங்க."

"அத்தை, ஒரு வருஷம்னுதானே டாக்டர்..."

"அவர் சொன்னாருங்கறதுக்காக யாரையாவது இடிச்சுட்டு உக்காந்திருக்க முடியாது. என்னோட ஓட்டம் இன்னையோட முடிஞ்சுது."

அவன் இறங்கினான். "மன்னிச்சிருங்க அத்தை. முதல் நாள் நீங்க சொன்னப்பவே வாங்கியிருந்தா, அஞ்சு மாசம் ஓட்டியிருப்பீங்க."

"முதல் நாள் பாத்தது அந்த சாம்பல் வண்டிதானே? அதை வாங்கியிருந்தா அஞ்சு மாசமும் ஷெட்டுலதான் கிடந்திருக்கும்."

இது ஆறுதலா, திட்டா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தான். அதிலும் தெரியவில்லை. மாமியார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தார்.

"திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடலாமா அத்தை?"

"எதுக்கு? வாங்கத்தான் போறோம்."

"இனிமே எதுக்கு...?" என்று ஆரம்பித்து, முடிக்கத் தைரியம் வராமல் நிறுத்தினான்.

"நேரா பாத்தா எனக்கு இன்னும் நல்லா தெரியுது மாப்பிள்ளை. ரோடு நேராத்தானே இருக்கு. கிளப்புங்க."

சாவியைத் திருப்பினான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், மறுபடி இடது பக்கம் பார்த்தான். வண்டியை மெல்ல ரோட்டில் ஏற்றி, மாமனார் ஓட்டிய அதே வேகத்தில் கொஞ்ச தூரம் போனான். மடியில் இருந்த மாமியாரின் விரல்கள் இருப்புக்கொள்ளாமல் அசைந்தன.

"எவ்வளவு போகட்டும் அத்தை?"

"கேக்காதீங்க. அழுத்துங்க."

அவன் அழுத்தினான். வண்டி ஒரு முனகலும் இல்லாமல் பாய்ந்தது. மாமியார் முகத்தில் மறுபடி அந்தச் சிரிப்பு வந்தது. கன்னத்தில் நீர் வழிந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டான். இத்தனை மாதம் தள்ளிப்போட்டதற்கு நியாயமாக ஒரே ஒரு கோளாறாவது தட்டுப்படாதா என்று இருந்தது. ஒரு கோளாறும் இல்லை.