மூடி தின்னும் மெஷின்

டப்பா இருக்கும், மூடி இருக்காது. எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் ஆராய்ச்சிக்காரர் வீட்டில் இரண்டே மாதத்தில் பதினாலு மூடி காணாமல் போயிருந்தது. அவர் மனைவி சமையலறை அலமாரி முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் உங்க தங்கச்சி வேலைதான். இங்கிருந்து டப்பா போனா டப்பா மட்டும் திரும்பி வருது. மூடியை வெச்சு அவ என்னதான் பண்றாளோ!"

ஆராய்ச்சிக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பாவம், தங்கச்சி ஒரு பாவமும் அறியாதவள். பதினாலையும் தின்றது அவருடைய மெஷின்.

மூன்று வருட உழைப்பு அது. மேலே பிளாஸ்டிக்கைப் போட்டுச் சூடேற்ற வேண்டும். உள்ளே வினையூக்கி என்று ஒரு சாம்பல் நிறப் பொடி. அது பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். கீழே குழாயில் தெளிவான திரவமாகச் சொட்டும். அதை வைத்து சோப்பு செய்யலாம், பெயின்ட் செய்யலாம், புது பிளாஸ்டிக்கே செய்யலாம். "மெஷினுக்குத் தெருக்குப்பையே போதும்" என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவரும் இவரேதான். அந்தத் தெருக்குப்பைதான் காலை வாரியது. அதில் ஒரு பைப் துண்டு, கொஞ்சம் ஒயர் உறை கலந்திருந்தால் போச்சு. அதிலிருக்கிற குளோரின் பட்டதும் ஒரு மணி நேரத்தில் பொடி செத்துப்போகும். சமையலறை மூடியைப் போட்டாலோ சொன்ன பேச்சைக் கேட்டு ஓடும்.

ஆராய்ச்சிக்கூட டைரக்டர் இரண்டு மாதத்துக்கு முன்பே கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னும் ரெண்டு மாசம் தரேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன். சொட்டலைன்னா மெஷினைப் பிரிச்சுடலாம். நீங்க பெயின்ட் டெஸ்டிங்குக்குப் போயிடுங்க."

அதற்குள் எப்படியாவது ஓட்டிக் காட்ட வேண்டுமே என்றுதான் மனிதர் கைவைத்தார். ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தார். திருட்டு என்றைக்கு ஒன்றோடு நின்றிருக்கிறது?

அண்ணி சொன்னது தங்கச்சி காதுக்கு எட்டியது. அவள் ரோஷக்காரி. அண்ணனைக் கூப்பிட்டு ஒரு பையை நீட்டினாள்.

"என் வீட்டு மூடி பன்னெண்டையும் கழட்டிட்டேன். கொண்டுபோய் அண்ணிகிட்ட குடு. என் டப்பா எல்லாம் திறந்தே கிடக்கட்டும். இதுக்கு மேல அவங்க ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் இருக்கு!"

பன்னிரண்டும் பச்சை. பளபளவென்று ஒரே வகை பிளாஸ்டிக். அடடா, ஆராய்ச்சிக்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டும்: அந்தப் பை வீட்டுக்குப் போகவே இல்லை.

விளைவு என்ன? மூடி வரவில்லை என்று மனைவி முறுக்கிக்கொண்டாள். அத்தனையும் கொடுத்தும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே என்று தங்கச்சி முறுக்கிக்கொண்டாள். தினம் ஒரு மணி நேரம் போனில் சிரித்துப் பேசிய இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்றது. மனைவி, மிச்சமிருந்த மூடி ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தாள். "இனிமே ஒண்ணு போகட்டும், கையும் களவுமா பிடிக்கிறேன்."

ஆராய்ச்சிக்காரர் இரண்டு நாள் அலமாரிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் இரண்டை எடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. குடும்பத்தையும் அழைத்து வரச் சொல்லி டைரக்டர் உத்தரவு. மனைவி நாற்காலி வரிசையின் இந்தக் கோடியில், தங்கச்சி அந்தக் கோடியில். மெஷின் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய, நகத்தளவு நறுக்கிய பிளாஸ்டிக். மெஷின் உறுமியது. குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். டைரக்டர் பேனாவைத் திறந்தார்.

"தெருக்குப்பைதானே? அப்படியே எழுதிடறேன்."

ஆராய்ச்சிக்காரர் வாய் திறப்பதற்குள் மனைவி எழுந்து ஜாடி அருகே வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரு துண்டில் சிவப்புப் பொட்டு. தங்கச்சியும் வந்து எட்டிப் பார்த்தாள். பச்சைத் துண்டுகள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சேர்ந்து அவரைப் பார்த்தார்கள். ஐயோ, நானூறு டிகிரி மெஷின் பக்கத்தில் நின்றபோதுகூட அவருக்கு அப்படி வேர்த்ததில்லை.

"ஆமா சார், குப்பைதான்," என்றாள் மனைவி.

"சுத்தக் குப்பை," என்றாள் தங்கச்சி, அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இரண்டு பேரும் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இத்தனை பண்ணிய பிறகும் தன்னைக் காப்பாற்றுகிறார்களே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இல்ல சார். இது இவங்க ரெண்டு பேர் வீட்டு மூடி. திருடினது நான். தெருக்குப்பை போட்டா ஒரு மணி நேரத்துல பொடி செத்துடுது."

டைரக்டர் பேனாவை மூடினார். மூன்று வருடமும் அந்தப் பேனாவோடு மூடிக்கொண்டது போல இருந்தது.

"மூடி போட்டா எத்தனை நாள் ஓடும்?"

"ரெண்டு மாசமா அதே பொடிதான் ஓடுது சார்."

டைரக்டர் குழாயில் சொட்டுவதைக் குனிந்து பார்த்தார். "அப்போ குத்தம் பொடி மேல இல்ல, உங்க மேலதான். அந்தப் பைப்பையும் ஒயரையும் குப்பையிலிருந்து எப்படிப் பிரிக்கறதுன்னு கண்டுபிடிங்க. மூணு மாசம் தரேன். அடுத்த தடவை பொய் சொன்னீங்க, பெயின்ட்தான்."

ஆராய்ச்சிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். இரண்டு நாற்காலியும் காலி. அண்ணியும் நாத்தனாரும் அவரை அம்போ என்று விட்டுவிட்டு ஒன்றாகக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை மனைவி சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தாள். திறந்த டப்பா.

"மூடி?"

"மெஷினைக் கேளுங்க. மொத்தம் இருபத்தெட்டு. அந்தத் திரவத்துல இருந்தே செஞ்சு குடுங்க. அதுவரைக்கும் இப்படித்தான்."

அவள் காதில் போன். போனுக்குள் தங்கச்சி சிரிக்கிற சத்தம் இவருக்கே கேட்டது.

பஸ்ஸில் கூட்டம். ஆராய்ச்சிக்காரர் டப்பாவை இரண்டு கையாலும் சாயாமல் பிடித்தபடி, உட்கார இடம் கிடைத்தும் பயந்து நின்றுகொண்டே போனார். பக்கத்திலிருந்தவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் சார், ஒரு மூடி போட்டுக்கக் கூடாதா?"

"செஞ்சுக்கிட்டு இருக்கேங்க," என்றார் அவர்.