பேசும் சைக்கிள்

ரத்னவேல் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அன்னம்மாவுக்கு இரண்டு புருஷன்கள். ஒருவர் சோபாவிலிருந்து ஏவுவார். இன்னொருவர் சைக்கிளுக்குள்ளிருந்து ஏவுவார். ஒருவரையே சமாளிக்க முடியாத மனுஷிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

இதய அடைப்புக்குக் குழாய் வைத்த பிறகு, தினமும் கொஞ்சம் மிதியுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதைச் சாக்காக வைத்து மின்சைக்கிள் வந்தது. அதன் கைப்பிடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. வண்டி எங்கே போகிறது என்று அது அன்னம்மாவின் போனில் காட்டும். வண்டி விழுந்தால் போன் அலறும். அங்கே நடப்பது இங்கே கேட்கும், இங்கே பேசினால் அங்கே கேட்கும். திரையில் இரண்டு கட்டங்கள் வரும். சிவப்பை அழுத்தினால் ஆம்புலன்சுக்கும் மகள் வர்ஷாவுக்கும் தகவல் போகும். எதையுமே அழுத்தாவிட்டாலும் சற்று நேரத்தில் தானாகவே போய்விடும். பச்சையை அழுத்தினால் மட்டும், ஆள் நலம் என்று எடுத்துக்கொண்டு கருவி அடங்கிவிடும்.

"போன இடுப்புலயே வச்சிரு. குளிக்கப் போனாலும் வெளியில கேக்கிற மாதிரி வை. நான் விழுந்து கெடந்தா நீதான் முதல்ல தெரிஞ்சுக்கணும்" என்றார் ரத்னவேல். கேட்பதற்குப் பாசம் மாதிரிதான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் சுவா சூ காங் பூங்காப் பாதையில் போய்க்கொண்டே, "காப்பி போட்டுரு, வர்றேன்", "துணிய எடுத்தியா, மழை வருது பாரு" என்று அவர் அந்தக் கருவி வழியாகக் கத்திக்கொண்டிருந்தார். பழகிப்போன கழுத்துக்கு இன்னொரு கயிறு.

தைப்பூசம் வந்தது. அவருடைய நெஞ்சுவலிக்காக அன்னம்மா மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தாள். இது மூன்றாவது வருஷம். விரதமிருந்து, மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு சிராங்கூன் சாலையில் கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்தாள். தலையில் ஏறிய குடம் சன்னதிக்குப் போய்ச் சேரும்வரை தரையைத் தொடக்கூடாது. தொட்டால் வேண்டுதல் போயிற்று. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

இடுப்பில் போன் அலறியது.

வரைபடத்தில் பக்கத்துச் சந்தில்தான் சிவப்புப் புள்ளி துடித்தது. "அன்னம்... அன்னம்..." என்று அவர் முனகுவது கேட்டது. யார் கையிலாவது குடத்தைக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படியே நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

சந்தில் சைக்கிள் படுத்துக்கிடந்தது. ரத்னவேல் படுத்துக்கிடக்கவில்லை. சாப்பாட்டுக் கடை வாசலில் கூட்டாளி அழகப்பனோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடா? குடத்தையே போட்டுட்டு வருவான்னு நான் சொன்னேன்ல? மீன்தலைக் கறி உன் செலவு!"

அழகப்பனுக்குச் சிரிப்பில் புரையேறியது. மூச்சு வாங்க நின்றவளை ரத்னவேல் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"சும்மா டெஸ்டிங் லா. வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா? ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

அன்னம்மா போனில் பச்சையை அழுத்திவிட்டுத் திரும்பி நடந்தாள். தொண்டூழியர் ஒருவர் குடத்தை ஓரமாக எடுத்து வைத்திருந்தார். வாய் கட்டிய மஞ்சள் துணி அவிழ்ந்து, பாதிப் பால் தாரில் சிந்தியிருந்தது. "தரையில வச்சிட்டீங்களேக்கா" என்றார் அவர், பரிதாபமாக. மீதியை அவளே சாக்கடையில் ஊற்றினாள். யாருக்காகப் பட்டினி கிடந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது. அந்த மனுஷனை அவள் வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதுவரை வெறும் சலிப்பு.

அதோடு விட்டாரா? போகிற இடத்திலெல்லாம் அந்தக் கதைதான். செங்காங்கில் வர்ஷா வீட்டில் பேரனுக்குப் பெயர் வைத்த அன்று, அவள் ஓடிவந்த ஓட்டத்தைச் சபை நடுவில் ஓடியே காட்டினார். சேலையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பா, you so bad லா" என்று சொல்லிக்கொண்டே வர்ஷாவும் சிரித்தாள். எல்லாருக்கும் கேசரி பரிமாறிக்கொண்டிருந்த அன்னம்மாவும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது?

பிறகு ஒரு மத்தியானம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்னம்மா மேசையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அலறியது.

திரையில் கால்வாய் ஓரத்துப் பாதை துடித்தது. காதில் முதலில் மழைதான் கேட்டது. பிறகு அவர்.

"அன்னம்... வழுக்கிருச்சு... காலு மடங்கிக் கெடக்கு... போனு தண்ணியில போயிருச்சு... நெஞ்சை அடைக்குதுடி..."

இது நடிப்பில்லை. நடிக்கிறபோது அவர் குரலில் ஒரு ராகம் இருக்கும். இத்தனை வருஷம் கேட்ட காதுக்கு அது தெரியாதா? இந்தக் குரலில் அது இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் ஆள் பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம் இல்லை. இந்த மழையில் அந்தப் பாதையில் யார் வரப் போகிறார்கள்?

கையில் ஒட்டியிருந்த கீரையை உதறிவிட்டு, விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். திரையில் சிவப்பும் பச்சையும் காத்திருந்தன. தானாகத் தகவல் போவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சும்மா இருந்தாலே போதும், ஆம்புலன்ஸ் போய்விடும். அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை.

"அன்னம், கேக்குதா? வாடி... சீக்கிரம்..."

அன்னம்மா போனை வாய்க்கருகில் கொண்டுபோனாள்.

"கேக்குதுங்க" என்றாள் நிதானமாக. "இன்னைக்கு யாருகூடப் பந்தயம்?"

அந்தப் பக்கம் மழைக்கு நடுவே ரத்னவேல் அழுகிற சத்தம் கேட்டது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. முழுசாகக் கேட்டாள்.

பிறகு பச்சையை அழுத்தினாள்.