மாமா உட்கார்ந்த லேப்டாப்

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள் அவள். காலிங் பெல் அடித்ததும் லேப்டாப்பை மூடிச் சோபாவில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். வந்தவர் அவளுடைய தாய்மாமா, இன்சூரன்ஸ் ஏஜென்ட். உள்ளே நுழைந்தவர் குனிந்துகூடப் பார்க்காமல் நேராக லேப்டாப் மேலேயே உட்கார்ந்தார். திரை நொறுங்கியது.

“கவலைப்படாதே, இந்த லேப்டாப்புக்கு நான் போட்டுக்கொடுத்த பாலிசி இருக்கே? எல்லாம் கெடைச்சிடும்” என்றார், எழுந்திருக்காமலே.

அவள் நஷ்டஈடு கேட்டு எழுதிய மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி போனில் பேசினார். “சோபான்னா யாராவது உக்காரத்தானே செய்வாங்க மேடம்? இது விபத்துல சேராது. உங்க கவனக்குறைவு.”

“பாக்காம உக்காந்தது நான் இல்லையே சார்.”

“அப்போ உக்காந்தவர் ஒப்புக்கிட்டு எழுதித் தரணும்.”

மாமாவிடம் கேட்டாள். கம்பெனியில் மானம் போய்விடும் என்று அவர் பதறினார். “பூனை தள்ளிடுச்சுன்னு சொல்லேன்!”

வீட்டில் பூனையே கிடையாது. ஊருக்கெல்லாம் தைரியம் விற்கிற மனிதரிடம் தனக்கென்று வரும்போது இவ்வளவுதான் சரக்கா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்தவர் இன்னார், உங்கள் ஏஜென்ட்தான் என்று அவளே எழுதி அனுப்பினாள். தங்கள் ஆளே உடைத்தது வெளியே தெரிய வேண்டாமென்றோ என்னவோ, கம்பெனி வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்தது.

அன்றைக்கே மாமா கூப்பிட்டார். “பாத்தியா, நம்ம கம்பெனின்னா சும்மாவா? உன் மாமியாருக்கும் ஒரு பாலிசி போட்டுடலாமா?”

“அவங்க ஆள் பாத்துத்தான் பாலிசி எடுப்பாங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.