வெட்டாத பூசணிக்காய்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் செல்போனில் கத்தினாள்: "பூசணிக்காய வெட்டி வித்தா என்ன சார், குடியா முழுகிப் போயிடும்?" என் பல்வலியே மறந்துவிட்டது. வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டேன். பதில் என்னவென்று தெரிவதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

(பூசணிக்காய் என்றதும் உங்கள் நாக்கு நுனிக்கு வரும் பழமொழியை நான் சொல்லப் போவதில்லை.)

2.

முதல் தொடக்கம்: "விடியலின் பொன்னொளியில், நம்பிக்கையைச் சுமந்தபடி அந்தக் காய்கறி வண்டி—"

நம்பிக்கையாவது மண்ணாவது! வண்டி வருவதே மத்தியானம்.

சரி, நேராகவே சொல்கிறேன். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. குடும்பத்துக்கு ஓர் அறை, மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. கீழே இருக்கும் கடையில் சிப்ஸ், பிஸ்கட், கலர் பானம். நல்ல காய் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் ஒரு சங்கம் வாரம் ஒருமுறை மலிவு விலைக் காய்கறி வண்டி அனுப்புகிறது. அதை ஓட்டுவதும் விற்பதும் நம் வண்டிக்காரி. மூன்றாம் மாடியில் அவளுடைய நாத்தனார் இருக்கிறாள், சர்க்கரை நோயாளி. காய்கறிக்கு மாறாவிட்டால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஃபிரிட்ஜ் இல்லாத ஒற்றை அறையில் முழுப் பூசணிக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டிக்காரி கீற்றுப் போட்டு விற்றாள். மளமளவென்று போயிற்று. வந்தார் சங்கத்தின் மேற்பார்வையாளர்.

"வெட்டினா அது தயாரிச்ச உணவும்மா. அதுக்கு வேற உரிமம் வேணும். முழுசா வித்துக் காட்டுங்க. விக்கலேன்னா வண்டிய வேற ஏரியாவுக்கு மாத்திடுவோம். அடுத்த வாரம் நானே வந்து பாக்கறேன்."

3.

இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முரட்டு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. நல்ல மனுஷன், சொந்தப் பணத்தில் பெட்ரோல் போடுகிறவர். அதுதான் எரிச்சலே! இப்படிப்பட்டவரை ஆசைதீரத் திட்டக்கூட முடியாது.

நாத்தனார் காலை இழுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள். பிறகு வண்டிக்காரியிடம் வந்து சொன்னாள்:

"கவலப்படாதீங்க அண்ணி. ஆளுக்கு ஒண்ணு முழுசா வாங்கிடறோம். வண்டி நின்னாப் போதும்."

"வாங்கி என்னடி பண்ணுவீங்க?"

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

மேற்பார்வையாளர் வந்த அன்று வரிசை தெருவரைக்கும் நின்றது. கடைசிக் காய்க்கு இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். (அது நடிப்பு என்றார்கள். நான் நம்பவில்லை.)

மனுஷனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, வெட்டாமலே விக்குது!"

வண்டி தப்பித்தது. அடுத்த வாரம் முழுப் பூசணிக்காயை மட்டும் ஏற்றி அனுப்பினார். மக்கள் விருப்பமாம்!

போன வாரம் வெட்டி மிஞ்சிய காயே சமையலறையில் அழுகிக்கொண்டிருந்ததால், ஒருத்தரும் கீழே இறங்கவில்லை. நாத்தனார் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

4.

முடிவு அ: நாத்தனார் உண்மையைச் சொல்ல, அவர் கண் கலங்கி, உரிமம் வாங்கித் தர— அட போங்க.

முடிவு ஆ: ஆஸ்பத்திரி. நாத்தனாரின் கால்— மாட்டேன். இதை எழுத என் கை வராது.

ஆகவே இப்படி விடுகிறேன். மேற்பார்வையாளர் வாசலில் நிற்கிறார், ஏன் வரிசை இல்லையென்று புரியாமல். மூன்றாம் மாடி ஜன்னலில் நாத்தனார். வண்டிக்காரி கத்தியை எடுத்துவிட்டாள். கீழே இறங்கி வந்திருப்பது நீங்கள் ஒருவர்தான்.

"என்னங்க, பேசாம நிக்கறீங்க?" என்கிறாள். "வெட்டவா, வேணாமா?"