முன்பே ஒட்டிய பெயர்

ஆய்வக இயந்திரத்தின் திரை இன்னும் பதினெட்டு நிமிடம் என்று காட்டியது. உள்ளே சுற்றுவது என் ரத்தம்.

மூன்று வாரமாகக் கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. அப்பாவுக்கும் வலி இல்லாமல்தான் தொடங்கியது. ஐந்தே மாதத்தில் போய்விட்டார். "ரத்தத்தப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

பக்கத்து அறை எக்ஸ்ரே அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஊர் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சுற, உன் மூஞ்சியில ஒரு சொட்டு இல்லையே?"

சிரித்து வைத்தேன். அவர் போனதும் கதவைச் சாத்தினேன்.

இரண்டு வருடம் முன்பு, கூட்டம் நெரித்த ஒரு காலையில், ரத்தம் எடுக்கும் முன்பே குழாய்களில் பெயர்களை ஒட்டி வரிசையாக வைத்தேன். எடுத்த பிறகு, அந்த ஆளின் கண்ணெதிரில்தான் ஒட்ட வேண்டும். முதல் நாளே சொல்லித்தருவது அது. எனக்கு அவசரம். இரண்டு பேரின் ரத்தம் மாறிப்போனது. ஒருவருடைய சிறுநீரக நோய் மூன்று மாதம் தெரியாமல் கிடந்தது. விசாரணையில், அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்த சீனியர் அக்கா மாட்டினார். வேலை போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

இப்போது முடிவு நல்லபடியாக வந்துவிட்டால், சொல்லவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். கட்டியைவிட அது பயமாக இருந்தது.

இன்னும் பதினொரு நிமிடம். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அட, ஊமைக்கோட்டான். உனக்குப் பேச வருமா?" பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"அக்கா, அந்த ரெண்டு டியூப். மாத்துனது நான்தான். முன்னாடியே பேர் ஒட்டி வச்சிருந்தேன்."

மெஷின் நின்றது.

"அன்னிக்கு நானும் நாலு பேருக்கு எடுத்தேன்டி. என் கைதான் தப்பு பண்ணிடுச்சுன்னு நெனச்சேன். என் கைய நம்பாம, புள்ளைக்கு மருந்து ஊத்தக்கூட இப்ப வீட்டுக்காரரத்தான் கூப்பிடறேன்."

"அக்கா, மன்னிச்…"

"அதெல்லாம் கெடக்கட்டும். ஏன் இப்ப சொல்ற?"

கட்டியைச் சொன்னேன். அப்பாவை, மீதி நிமிடங்களை.

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"எழுதி பெரிய டாக்டர்கிட்ட குடு. அந்தக் கிட்னி ஆளுக்கும் தெரியணும். என் பேர்லேர்ந்து அது போகணும்." பிறகு, மெதுவாக, "ரிசல்ட் வந்ததும் கூப்பிடு. எதுவா இருந்தாலும்."

இயந்திரம் கீச்சிட்டது. அச்சான தாள் வழக்கம்போலக் கவிழ்ந்து விழுந்தது. கை அதை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

தாளின் மேல் காலிக் குழாய்கள் இருந்த தட்டைத் தூக்கி வைத்தேன். வேறு தாள் எடுத்து, பெரிய டாக்டருக்கு என்று எழுதித் தேதி போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. அடித்துத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போனேன்.