கருவண்டின் களைப்பு

கருவண்டு என்ற குதிரையின் களைப்பு முதலில் ஏறியது அதைப் பார்த்துக்கொள்ளும் அப்பாசாமியின் மேல். காலையில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் துடைப்பத்தை வைத்துவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தான். பொழுது சாயும்வரை எழவில்லை. காய்ச்சல் இல்லை. நாலு காலும் வலிக்கிறது என்று மட்டும் சொன்னான். இரண்டு கால்தானே என்று யாரும் திருத்தவில்லை.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்த நிலத்தில் சக்கரபாணி அந்தக் குதிரைப் பண்ணையை வைத்திருந்தார். கருவண்டு ராஜஸ்தானிலிருந்து லாரியில் வந்த கறுப்புப் பொலிகுதிரை. அதன் குட்டி வேண்டுமென்று சேலம், பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் கேட்டார்கள். குதிரையை அலைக்கழிக்க வேண்டாம், விந்தை எடுத்துக் குளிர்பெட்டியில் அனுப்பினால் போதும் என்று சொன்னது கால்நடை டாக்டர் சைலஜா. அவள் அப்பா அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். மகளின் வேலையைப் பற்றி அவர் விவரமாகக் கேட்டதில்லை. பருவத்திலிருக்கும் பெண்குதிரை ஒன்றை எதிரே தடுப்புக்குள் நிறுத்துவார்கள். மரச்சட்டத்தில் மெத்தை கட்டித் தோல் போர்த்திய பொம்மையின் மேல் கருவண்டு தாவி ஏறும். சைலஜா பக்கத்தில் நின்று, வெந்நீர் நிரப்பிய ரப்பர் குழாயில் விந்தைப் பிடித்து, வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் அதன் ஓட்டத்தைப் பார்த்துப் பெட்டியில் வைப்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றுதான் தொடங்கினார்கள். ஆள் கேட்கக் கேட்க தினமும் ஆயிற்று, பிறகு சில நாள் இருவேளையும். வழவழப்பான சிமெண்டுத் தரையில் பின்கால் வழுக்கித் தோல் உரிந்தது. சைலஜா வராத ஒருநாள் வேறு யாரோ ஊற்றிய வெந்நீரில் சூடு ஜாஸ்தியாகிக் குதிரையைச் சுட்டுவிட்டது. அதிலிருந்து பொம்மையைக் கண்டாலே பின்வாங்கியது. பின்வாங்கினால் கழியால் அடிக்கச் சொன்னார் சக்கரபாணி, அப்பாசாமி அடித்தான். கருவண்டு தன் விலாவைத் தானே கடிக்க ஆரம்பித்தது.

"இதுக்கு ரெஸ்ட் குடுக்கணும்ங்க. தரையில ரப்பர் ஷீட்டாவது போடுங்க" என்றாள் சைலஜா.

"ஆம்பளக் குதிரைக்கு இதுல இன்னாம்மா கஷ்டம்?" என்றார் சக்கரபாணி. ஏறாவிட்டால் கரண்டு வைத்து எடுக்க ஓர் ஆள் இருக்கிறானாமே என்றும் விசாரித்தார். தான் நின்றுவிட்டால் அந்த ஆள் வந்துவிடுவான் என்பதால்தான் சைலஜா வேலையை விடவில்லை. பிடிக்காத வேலைக்குச் செங்கம் ரோட்டில் தினமும் ஸ்கூட்டரில் வந்துபோனாள்.

ஆடி மாதம் ஒருநாள் கருவண்டு முன்னங்கால்களைப் பொம்மை மேல் போட்டு, வேறொன்றும் செய்யாமல், தலையை அதன்மேல் சாய்த்து நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. மறுநாள்தான் அப்பாசாமி உட்கார்ந்தது. பிறகு அதைத் தொட்டவர்கள், அதன் பெட்டியைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் அப்படியே ஆயிற்று. லாடம் அடிக்க வந்தவர் சுத்தியலைப் பிடித்தபடி தூங்கினார். சேலத்துக்குக் குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போன பஸ் கண்டக்டர் ஊத்தங்கரையில் விசில் ஊத மறந்தார். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்களில், பாதைவரை நீண்ட பண்ணை வேலியோரம் நின்ற குதிரையின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் பாதை ஓரத்திலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். கரும்பு ஜூஸ்காரர் வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு வந்தார். சைலஜாவுக்கும் கை கால் ஓயத்தான் செய்தது. ஆனால் ஆட்கள் தொட்டுவிட்டுப் போன அன்று முழுக்கக் குதிரை விலாவைக் கடிக்கவில்லை, கொள்ளை மிச்சமில்லாமல் தின்றது என்பதை அவள் கவனித்தாள்.

சக்கரபாணி மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தக் குதிரையைத் தொட்டதேயில்லை. கரண்டு ஆளுக்கு அவர் போன் செய்த அன்று சைலஜா, "ஒரு தடவ கழுத்துல கை வெச்சுப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். அதிலென்ன என்று வைத்தார். சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்தார். மனைவி பச்சையம்மாள் ஓடிவந்து, இன்னா ஆச்சு என்று தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"வுடு பச்ச" என்றார் அவர். "யாரும் என்ன எழுந்திரு, ஏறுன்னு சொல்லாம இருந்தா போதும்."

வந்த கரண்டு ஆளைப் பச்சையம்மாளே கேட்டிலிருந்து திருப்பி அனுப்பினாள். தரைக்கு ரப்பர் வந்தது. கழியை அடுப்பில் வைத்தார்கள். இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான். அன்றும் குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டால் லாயத்துக்கே கூட்டிப்போகிறார்கள். சேலத்துக்காரர்கள் கம்மியாகத்தான் கிடைக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். சேர்ந்த களைப்பு அதனால் தீர்ந்துவிடவில்லை. யாராவது வாங்கிக்கொண்டால் ஒரு பகல் இறங்கியிருக்கும், மறுபடி குதிரையிடமே போய்விடும். அதனால் ஆளுக்கொரு நாள் என்று பிரித்துக்கொண்டார்கள். சக்கரபாணி தனக்கு இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சைலஜாவுக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் போய்க் குதிரையின் கழுத்தில் கை வைத்துவிட்டு, ஆட்டோவில் திரும்பிவந்து படுத்துவிடுவாள். நாய்க்கு ஊசி, பூனைக்கு வாந்தி என்று யாராவது வந்தால் அவள் அம்மா உண்ணாமுலை வாசலிலேயே சொல்லி அனுப்புகிறாள்: "அவ அப்பாவுக்கு இன்னிக்குக் கோயில்ல முறை. அவளுக்குக் குதிரை முறை. நாளைக்கு வாங்கோ."