பத்து நிமிடம் முந்திய வால்நட்சத்திரம்

ஒசிமோ ஊரில் மருந்துக் கடை நடத்தும் எர்சிலியாவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்ததும் காதோரம் சூடாகிவிட்டது. உயர்ந்த தாள், கறுகறுவென்ற மை, வரிக்கு வரி மரியாதை. பெரிய நகரத்து வானாய்வகத்தின் இயக்குநர் பிரான்கதோரோ கைப்பட எழுதியிருந்தார்.

"மார்ச் பன்னிரண்டாம் தேதி விடியற்காலையில் நீங்கள் கண்டதாக எழுதிய வால்நட்சத்திரத்தை, உங்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே நான் கண்டு குறித்துவிட்டேன். மனம் தளர வேண்டாம். உங்கள் வீட்டு அத்திப்பழ ஜாம் அபாரம் என்று கேள்விப்படுகிறேன்."

பத்து நிமிடமாம். கணவன் செத்த பிறகும் விடாமல், பதினோரு வருடமாகக் கடையின் கூரையில் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு குளிரில் விறைத்தவளுக்கு ஜாம் பாராட்டு. புதிய வால்நட்சத்திரத்தை யார் முதலில் கண்டாரோ அவர் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். கூரையில் ஏறிப் பார்க்கிற சின்ன ஆட்கள் ஏதாவது பெரிய ஆய்வகம் வழியாகத்தான் அதை உலகத்துக்குச் சொல்ல முடியும். அந்த வழக்கத்தை நம்பித்தான் எர்சிலியா அன்று காலையே அதன் இடத்தைக் கணக்கிட்டு, முதல் தபாலில் இந்த மனிதருக்கு அனுப்பிவைத்தாள்.

அதே கணக்கை அன்றே இன்னொருவருக்கும் எழுதியிருந்தாள். சிங்கோலியில் பாதிரியாராக இருக்கும் செல்சோவும் வானம் பார்க்கிறவர்தான். இருவருக்கும் ஒன்பது வருடக் கடிதப் பழக்கம். சனியின் வளையம் பற்றி அரைப் பக்கம், முழங்கால் வலி பற்றி முக்கால் பக்கம், மிச்ச இடத்தில் கோழிகள் என்று எழுதுவார் அவர். இந்த முறை பதிலில் கோழிகளை விட்டுவிட்டார்.

"வால்நட்சத்திரத்தைப் பார்த்தேன், ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. எந்த நட்சத்திரத்திலிருந்து நீ அளந்தாயோ, அதற்கு உன்னுடைய பழைய நட்சத்திரப் பட்டியலில் ஓர் எண் தப்பாக அச்சாகியிருக்கிறது. மூன்றுக்குப் பதில் எட்டு. கடைசிப் பக்கத்தில் பிழைத்திருத்தம் இருக்குமே, பார்க்கவில்லையா?"

அவள் புத்தகத்தில் கடைசிப் பக்கமே இல்லை. கணவன் உயிரோடிருந்தபோது, மருந்துப் பொடி மடிக்கத் தாள் தீர்ந்துவிட்டால் கைக்கு அகப்பட்ட புத்தகத்தில் கிழிப்பான். யாருடைய வயிற்று வலிக்கோ அந்தப் பிழைத்திருத்தம் போயிருக்கிறது. எர்சிலியா வெட்கத்தில் குன்றிப்போனாள். மறுபடி அளந்து பார்த்துவிட்டு இயக்குநருக்குத் திருத்தம் எழுதலாம் என்று காத்திருந்தாள். பதினாறு நாளாக மேகம் விலகவே இல்லை. அதற்குள் அந்த ஜாம் கடிதம் வந்து சேர்ந்தது.

மறுநாள் மத்தியானம் செல்சோவே கழுதை வண்டியில் வந்து இறங்கினார். ஜெர்மனியில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போகிற வானியல் தாள் அவர் கையில் இருந்தது. எர்சிலியாவின் நாத்தனார் பால்மிரா கடையில் இருமல் மருந்து காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சாமி. முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. மடக்கத்தான் முடியல. எர்சிலியா எங்கேம்மா?"

"உள்ள. நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடல. அந்த ஆளோட லெட்டரை வச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் அவருக்கு பார்சல் அனுப்பவா அண்ணின்னு கேட்டேன். பதில் இல்ல."

செல்சோ உள்ளே போய்த் தாளை மேசைமேல் விரித்தார். 'பிரான்கதோரோ வால்நட்சத்திரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே இயக்குநர் அதைக் கண்ட நாட்களும், ஒவ்வொரு நாளும் அது இருந்த இடமும் வரிசையாக இருந்தன. முதல் வரி மார்ச் பன்னிரண்டு. அடுத்தது பதினைந்து, அப்புறம் பதினாறு, பதினெட்டு.

"விட்டுடும்மா," என்றார் செல்சோ. "நிஜமாவே அவர் முந்திப் பாத்திருக்கலாம். பெரிய கருவி, நாலு உதவியாளருங்க. அவர்கிட்ட வம்பு வச்சுக்கிட்டா, எனக்குத் தரேன்னு சொன்ன லென்ஸும் வராது."

"உங்க லென்ஸுக்காக நான் வாயை மூடிக்கணுமா சாமி?"

"கோவப்படாதே. ஊர் உலகம் தெரிஞ்சவன் சொல்றேன்."

எர்சிலியா தாளின் மேல் குனிந்தாள். அவள் விரல் முதல் வரியில் நின்றுவிட்டது. பிந்திய மூன்று வரிகளும் ஒரே பாதையில் ஒழுங்காக நகர்ந்தன. முதல் வரி மட்டும் பாதையை விட்டு விலகி நின்றது. எழுந்து போய்த் தன் நோட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இதைப் பாருங்க."

செல்சோ பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது உன் கணக்கு. கடைசி எண் வரைக்கும்."

"என் தப்பும் சேத்து. அந்த இடத்துல அன்னிக்கு வானத்துல ஒண்ணுமே கிடையாது. ஒண்ணுமே இல்லாத இடத்துல, அந்த மகராசன் எனக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வால்நட்சத்திரம் பாத்திருக்காரு."

"அவர்கிட்டயும் அதே பழைய பட்டியல் இருந்திருந்தா?"

"அந்தப் பட்டியலை எங்க ஆய்வகத்துல அடுப்பெரிக்கக்கூட வைக்கலன்னு போன வருஷம் இதே தாள்ல எழுதினது யாரு?"

திருடுகிறவன் எடுத்த பொருளைத் திருப்பிப் பார்த்தாவது எடுக்க வேண்டாமா? மருந்துக் கடைக்காரியின் கணக்கைச் சரிபார்க்கக்கூட அந்தப் பெரிய மனிதருக்குப் பொறுமையில்லை. எடுத்து அப்படியே மடியில் கட்டிக்கொண்டுவிட்டார்.

"ஆனா ஒண்ணு," என்றார் செல்சோ மெதுவாக. "இதைச் சொல்லணும்னா, உன் தப்பை நீயே ஐரோப்பா முழுக்கச் சொல்லணும். எர்சிலியா அனுப்பினா எண் தப்பாதுன்னு உனக்கு ஒரு பேரு இருக்கு. அது போயிடும். பட்டியல் பாக்கத் தெரியாதவளுக்கு வானம் எதுக்குன்னு சிரிப்பானுங்க. வால்நட்சத்திரம் உன் பேருக்கு வரும்னும் நிச்சயமில்ல."

அது உண்மை என்பதால் இன்னும் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது? பட்டம் இல்லை, பதவி இல்லை. தப்பாத எண்கள்தான் அவளிடம் இருந்தன. அந்தப் பெயரையும் தன் கையாலேயே கிழித்துப் போட வேண்டும்.

வாசற்படியில் நின்ற பால்மிரா கேட்டாள்: "பக்கத்தைக் கிழிச்சது எங்க அண்ணன்னு எழுதிட்டா என்ன?"

"செத்தவரை ஏன் இழுக்கணும்? பக்கம் இல்லன்னு தெரிஞ்சுக்காம அளந்தது நான்தானே," என்றாள் எர்சிலியா. மைக்கூட்டை இழுத்துவைத்துக்கொண்டாள்.

செல்சோ அங்கிப் பையில் கைவிட்டு, அவள் அவருக்கு எழுதிய கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒசிமோ தபால் முத்திரை, மார்ச் பன்னிரண்டு, பளிச்சென்று தெரிந்தது.

"சேத்து அனுப்பு. சாட்சிக்கு என் பேரும் போட்டுக்கோ."

"லென்ஸ்?"

"அது கிடக்குது போ."

எர்சிலியா ஜெர்மன் தாளின் ஆசிரியருக்கு ஏழே வரி எழுதினாள்.

"மார்ச் பன்னிரண்டாம் தேதி நான் கணக்கிட்ட வால்நட்சத்திரத்தின் இடம் தவறு. பழைய பட்டியலின் அச்சுப் பிழையைக் கவனிக்காமல் அளந்துவிட்டேன். அன்று காலையே அந்தத் தவறான எண்களை இயக்குநர் பிரான்கதோரோவுக்கும் பாதிரியார் செல்சோவுக்கும் அனுப்பினேன். முத்திரையோடு ஒரு கடிதம் இத்துடன் உள்ளது. அதே எண்கள் இயக்குநரின் பெயரில் உங்கள் தாளில் வந்திருக்கின்றன. தவறு முழுக்க முழுக்க என்னுடையது. அது அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்."